பாட்டியின் பிள்ளைப்பருவத்தைச் சிறுவர் கதையாக எழுதுவது: கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

பாட்டிமாரின் பிள்ளைப்பருவத்தைக் கதையாக எழுத முற்படுகிறவர்களுள் பலர், தொடக்கத்திலேயே பாட்டியை எழுதிவிடுகிறார்கள். வெள்ளைச் சேலையும் மூக்குக்கண்ணாடியும் மடியில் வேதாகமமுமாக ஒரு முதியவர் முதல் பத்தியில் வந்து அமர்கிறார். கடைசிப் பத்தி வரை அவரே புத்தி சொல்லிக்கொண்டிருக்கிறார். பிள்ளைகள் அந்தக் கதையைக் கேட்பதில்லை. பதநீர் காய்கிற விடிலியின் வாசலில் ஓலைப் பட்டையை ஏந்திக்கொண்டு நின்ற, தம்பியைக் கிள்ளிவிட்டு ஓடிய, மனப்பாட வசனத்தைப் பாதியில் மறந்துபோன எட்டு வயதுச் சிறுமியைப் பற்றித்தான் அவர்கள் கேட்க விரும்புகிறார்கள். அந்தச் சிறுமியைக் கண்டுபிடித்து எழுதுவது எப்படி என்பதையே இங்கே படிப்படியாகச் சொல்லப் போகிறேன்.

தூத்துக்குடி மாவட்டத்தில், மெஞ்ஞானபுரம் ஆலயத்தின் 192 அடி உயரக் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற தொலைவிலுள்ள ஒரு சிற்றூரில், ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி வருகிறேன். என் ஆச்சி 1938-இல் பிறந்தவர். அவர் சொன்னவற்றைப் பிள்ளைகளுக்காக எழுதிப் பழகியதில் கற்றுக்கொண்டவையே இவை. ஆகையால் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தேரிக்காடு என்கிற செம்மணல் மேட்டையும் பனையையும் சார்ந்தே இருக்கும். உங்கள் ஊருக்கும் சபைக்கும் ஏற்ப அவற்றை மாற்றிக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன்

எழுதப் போவது யாருக்காக என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் பதினொரு வயதுப் பிள்ளைக்கும் ஒரே கதை பொருந்தாது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஏழு முதல் பத்து வயது வரையுள்ளவர்களை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அந்த வயதினருக்கு நீதி அநீதியைப் பற்றிய கூர்மையான உணர்வு இருக்கிறது, கதையில் வரும் சிறுமி செய்தது சரியா தவறா என்று தாமாகவே வாதிடவும் அவர்களால் முடியும்.

இந்த முயற்சிக்கு வேதாகமத்தில் ஆதாரம் தேடுகிறவர்கள் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, அவனுக்குள் இருக்கும் விசுவாசம் முதலில் பாட்டியாகிய லோவிசாளுக்குள்ளும் பிறகு தாயாகிய ஐனிக்கேயாளுக்குள்ளும் இருந்தது என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். எனக்கு அதைவிடப் பயன்பட்ட பகுதி யோசுவாவின் நான்காம் அதிகாரம். யோர்தானின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்துவந்து நாட்டும்போது, இந்தக் கற்கள் என்னவென்று பிற்காலத்தில் பிள்ளைகள் கேட்பார்கள், அப்போது நடந்ததைச் சொல்லுங்கள் என்று கட்டளை கொடுக்கப்படுகிறது. பொருள் முதலில் வருகிறது, பிள்ளையின் கேள்வி அடுத்து வருகிறது, கதை அதற்குப் பின்னரே வருகிறது. நான் கையாளும் முறையும் இந்த வரிசைதான்.

பாட்டியிடம் கேட்பது

"உங்கள் சிறுவயது எப்படி இருந்தது?" என்று கேட்டால், "கஷ்டந்தான் பிள்ளே, ஆனா கர்த்தர் நடத்தினாரு" என்ற ஒரே வரிதான் கிடைக்கும். அது உண்மையான சாட்சிதான், ஆனால் அதைக் கொண்டு கதை எழுத இயலாது. ஆகவே வாழ்க்கையைப் பற்றிக் கேட்காமல் பொருளைப் பற்றியும் இடத்தைப் பற்றியும் கேளுங்கள். இரவில் யார் பக்கத்தில் படுப்பீர்கள், குடும்ப ஜெபத்தின்போது விளக்கு எங்கே இருக்கும், அது அரிக்கேன் விளக்கா சிம்னி விளக்கா, கோயிலில் பாயில் உட்கார்ந்தீர்களா மணலிலா, பண்டிகைக்கு எத்தனை பேருக்குத் துணி எடுத்தார்கள், கோயிலின் முதல் மணி அடிக்கும்போது வீட்டில் யார் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று கேளுங்கள்.

இந்தக் கடைசிக் கேள்வி எங்கள் பகுதியில் மிகுந்த பலன் தரக்கூடியது. பனையின் பாளையை நாள்தோறும் காலையும் மாலையும் சீவ வேண்டும்; ஞாயிற்றுக்கிழமை என்று மரம் ஓய்வெடுப்பதில்லை. விடியுமுன் மரமேறப் போன தகப்பன் இறங்கிவந்து குளித்து இரண்டாம் மணிக்குள் கோயிலுக்கு வந்துவிடுவாரா என்ற பதைப்பிலேயே ஒரு வீட்டின் ஞாயிறு முழுவதும் அடங்கியிருக்கும். பனை இல்லாத ஊராயின் அதே இடத்தில் மீன்பிடி வலையோ வயலோ மில் சங்கோ இருக்கும்.

கேள்வியைவிடப் பொருள் வலிமையானது. கொட்டான் என்கிற சிறு ஓலைப்பெட்டியையோ பனையின் கருக்குமட்டைத் துண்டையோ, கிழிந்த பழைய பாமாலைப் பாட்டுப் புத்தகத்தையோ பாட்டியின் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். கை அதைத் தடவத் தொடங்கியபின் வாய் தானாகப் பேசும். அதுபோலவே, எதிரே நாற்காலி போட்டு அமர்த்திக் கேட்பதைவிட, முருங்கைக்கீரை ஆயும்போதோ புளிக்குக் கொட்டை எடுக்கும்போதோ உடன் அமர்ந்து கேட்பது நல்லது. கைகளுக்கு வேலையிருந்தால் நினைவுகள் தடையின்றி வருகின்றன.

கைப்பேசியில் பதிவு செய்வதாயின் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, அழைப்பு எதுவும் வராதபடி கைப்பேசியை அமைத்து, பாட்டிக்கு ஒரு முழத் தொலைவில் துணியின்மேல் வைத்தால் குரல் தெளிவாகப் பதியும். ஒரு நாளுக்கு முக்கால் மணி நேரத்துக்குமேல் வேண்டாம். களைப்படைந்த முதியவர் கதையைச் சுருக்கிவிடுவார், சுருக்கத்தில் சிறுமி மறைந்துபோவாள். பதிவை அன்றே தேதியும் ஊர்ப்பெயரும் இட்டு வேறோர் இடத்திலும் படியெடுத்து வையுங்கள். ஒரு முதியவரின் குரல் நிறைந்த கைப்பேசி தண்ணீரில் விழுந்துபோனதை நான் அறிவேன். அந்தக் குரலை மறுபடியும் பதிவு செய்ய அப்போது அவர் இல்லை.

பாட்டி ஒரே நிகழ்ச்சியை மூன்று முறை சொன்னால் மூன்றையும் கேளுங்கள். இரண்டாம் முறையில் புதிதாக ஓர் அத்தை வருவார், மூன்றாம் முறையில் மழை பெய்திருக்கும். கதைக்குத் தேவையான விவரங்கள் பெரும்பாலும் மூன்றாம் முறையில்தான் கிடைக்கின்றன.

காலத்தைச் சரிபார்ப்பது

நினைவில் ஆண்டு இராது, ஆனால் ஆண்டைக் காட்டும் அடையாளங்கள் இருக்கும். என் ஆச்சி காணிக்கைக்கு ஓட்டைக் காலணா கொண்டுபோனதாகச் சொன்னார். நடுவில் துளையுள்ள அந்தச் செம்பு நிறக் காசு 1943 முதல் 1947 வரை அச்சிடப்பட்டது. ஆகவே அந்த நிகழ்ச்சி 1943-க்கு முந்தியதாக இருக்க முடியாது, அப்போது தமக்கு ஏழு வயது என்று அவர் சொன்னதும் 1945 என்று பொருந்திவந்தது. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, ஓர் அணாவுக்கு நான்கு காலணா என்ற கணக்கு 1957 ஏப்ரல் 1-ஆம் நாள் வரை நடைமுறையில் இருந்தது. அன்றுதான் நூறு நயா பைசாக் கணக்கு வந்தது. பழைய காசுகள் அதன் பிறகும் சில காலம் கைமாறிக்கொண்டிருந்தன என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சபை வரலாற்றிலும் இதே கவனம் வேண்டும். தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) 1947 செப்டம்பர் 27-ஆம் நாள் சென்னையில் உருவாயிற்று. அதற்கு முந்திய கதையில் "சி.எஸ்.ஐ. ஆலயம்" என்று எழுதினால் அது பிழை. எங்கள் பக்கத்தில் அக்காலத்து முதியவர்கள், அங்கே ஊழியம் செய்த ஆங்கிலேய மிஷன் சங்கத்தின் பெயரைக் கொண்டு சி.எம்.எஸ். ஊர், எஸ்.பி.ஜி. ஊர் என்றே பிரித்துச் சொல்வார்கள். மெஞ்ஞானபுரம் முந்தியதைச் சேர்ந்தது, நாசரேத் பிந்தியதைச் சேர்ந்தது. பள்ளியில் மதிய உணவு உண்டதாகப் பாட்டி சொன்னால், காமராசர் முதலமைச்சராயிருந்தபோது 1956-இல் தொடங்கிய திட்டத்தை நினைத்துப் பார்க்கலாம். கிறிஸ்மஸுக்கு முந்தின நாள்களில் பெரும்புயல் அடித்தது, வீடு வீடாகப் பாடிப்போகும் கீத பவனிக்குப் போகவில்லை என்று இராமநாதபுரத்துக் கடற்கரைப் பாட்டி ஒருவர் சொன்னால், அது தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவாக இருக்கலாம்.

பருவத்தையும் சரிபாருங்கள். பதநீர் ஏறத்தாழ மாசி, பங்குனியில் தொடங்கி ஆடி வரை இறங்கும். நுங்கு கோடையில் வரும், பனம்பழம் ஆவணி புரட்டாசியில் விழும், பனங்கிழங்கு மார்கழி தையில் பிடுங்கப்படும். கிறிஸ்மஸ் கதையில் சிறுமி நுங்கு தின்றால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளே சிரித்துவிடுவார்கள். ஆனால் லெந்து காலமும் குருத்தோலை ஞாயிறும் பெரிய வெள்ளியும் பதநீர்க் காலத்தோடு சேர்ந்தே வருவதால், அந்த நாள்களைப் பற்றிய கதையில் விடிலியின் புகையும் காய்ச்சும் பாகின் மணமும் இயல்பாகவே அமைந்துவிடும்.

சொற்களைச் சேர்ப்பது

ஒவ்வொரு பாட்டிக்கும் தனியே ஒரு சொற்பட்டியல் எழுதி வைப்பது என் வழக்கம். எங்கள் ஆச்சி ஆயரின் கீழுள்ள குருவானவரை "ஐயர்" என்பார், அவர் மனைவியை "ஐயரம்மா" என்பார், ஊரில் தங்கிச் சபையைக் கவனித்தவரை "உபதேசியார்" என்பார். ஆலயத்தைக் "கோயில்" என்றும், ஆண்டவர் கற்பித்த ஜெபத்தைப் "பரமண்டல ஜெபம்" என்றும் சொல்வார். கத்தோலிக்கப் பாட்டியிடம் போனால் "ஜெபம்" என்பது "செபம்" ஆகும், ஐயர் "சாமியார்" ஆவார், ஆராதனை "பூசை" ஆகும், மாலையில் வீட்டில் செபமாலை சொல்லப்படும். தூத்துக்குடிப் பனிமய மாதாவின் ஆகஸ்டு 5-ஆம் நாள் திருவிழாவுக்குப் போன கடற்கரைச் சிறுமியின் கதையை, சீர்திருத்தச் சபையின் சொற்களால் எழுதினால் அவள் அந்நியமாகிவிடுவாள். யாழ்ப்பாணத்து வீட்டில் அவர் பாட்டியே அல்ல, தாய்வழியாயின் அம்மம்மா, தந்தைவழியாயின் அப்பம்மா. 1824-இல் தொடங்கிய உடுவில் மகளிர் பாடசாலையில் தங்கிப் படித்த ஓர் அம்மம்மாவின் கதைக்கும், பாளையங்கோட்டையில் போர்டிங்கில் தங்கிச் சாராள் தக்கர் பள்ளியில் படித்த ஓர் ஆச்சியின் கதைக்கும் சூழல் ஒத்திருக்கலாம், மொழி ஒத்திராது.

பிள்ளைகளுக்குத் தெரியாத சொற்களை நீக்கிவிட வேண்டாம். பொருள் விளங்கும்படி செயலோடு சேர்த்து எழுதுங்கள். "அம்மா விடிலிக்குள் குனிந்து நுழைந்து, கொதிக்கிற பதநீரைத் துடுப்பால் கிண்டினாள்" என்று எழுதினால், விடிலி என்பது பதநீர் காய்ச்சும் தாழ்வான குடிசை என்று தனியே விளக்க வேண்டியதில்லை.

ஒரு கதையைத் தேர்ந்தெடுப்பது

சேர்த்தவற்றிலிருந்து முதல் கதைக்கு ஒரே ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள், ஒரு பொருள், ஒரு சிறுமியின் ஒரு தவிப்பு என்ற அளவு போதும். அசனம் என்கிற சபை விருந்துக்கு வெட்டிய ஆடுகளும், கைப்பிடி அரிசிக் கலயமும், அறுப்பின் பண்டிகை ஏலத்தில் போன பூசணிக்காயும் ஒரே கதையில் வந்தால், அது ஊர் வரலாறாகிவிடும். அந்த வரலாறும் எழுதப்பட வேண்டியதுதான், பெரியவர்களுக்காக வேறோரிடத்தில்.

தேர்வுக்கு என்னிடம் ஓர் அளவுகோல் உண்டு. அந்தச் சிறுமி எதையாவது வெகுவாக விரும்பியிருக்க வேண்டும், அல்லது எதையாவது வெகுவாக மறைத்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாத நினைவு எவ்வளவு அழகாயிருந்தாலும் கதையாகாது. கைப்பிடி அரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். சமைக்குமுன் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று கலயத்தில் போடுவது எங்கள் வீடுகளில் நாள்தோறும் நடந்த காரியம். அதை அப்படியே எழுதினால் ஒரு பழக்கத்தின் விளக்கமாகவே நிற்கும். பஞ்ச காலத்தில் பசித்த சிறுமி அந்தக் கலயத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஒரு நண்பகலை எழுதினால், பிள்ளைகள் மூச்சுவிடாமல் கேட்பார்கள்.

எழுதுவது

என் ஆச்சியின் ஓட்டைக் காலணாக் கதையை நான் முதலில் எழுதியது இவ்வாறு தொடங்கிற்று: "என் பாட்டி சிறுவயதிலிருந்தே காணிக்கை கொடுப்பதில் ஆர்வமுள்ளவராக இருந்தார்." பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டியபோது, இரண்டாவது வரியிலேயே பின்வரிசையில் பேச்சு எழுந்தது. பின்னர் அதை மாற்றி இப்படி எழுதினேன்:

"பாக்கியம் ஓட்டைக் காலணாவைச் சுண்டுவிரலில் மோதிரம்போல மாட்டிக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள். தேரி மணல் இன்னும் சூடேறவில்லை. அக்காள் திரும்பிப் பார்த்து, 'காசக் கழத்திக் கையில வை, தொலைச்சிராத' என்றாள். பாக்கியம் கழற்றிப் பார்த்தாள். காசு வரவில்லை."

பெயரை மாற்றியிருக்கிறேன், மற்றபடி எல்லாம் ஆச்சி சொன்னதே. இரண்டு தொடக்கங்களுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். முதலாவது, அந்தச் சிறுமியைப் பற்றி நாம் எடுத்துவிட்ட முடிவைச் சொல்கிறது. இரண்டாவது, நான்காம் வாக்கியத்திலிருந்தே பிள்ளைகளுக்கு ஒரு கவலையைக் கொடுக்கிறது. ஆராதனை நடக்கிறது, பிரசங்கம் நீளுகிறது, விரல் வீங்குகிறது, காணிக்கைப் பை வரிசை வரிசையாக நெருங்கி வருகிறது. பை அவள்முன் வந்து நின்றபோது அவள் கையை முழுவதுமாக உள்ளே விட்டு, மற்றவர்கள் பார்க்காதபடி விரலை இழுத்து இழுத்துப் பார்க்கிறாள். பை பிடித்தவர் காத்திருக்கிறார். பிள்ளைகள் அந்த இடத்தில் தங்கள் சுண்டுவிரல்களைப் பார்த்துக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன்.

மொழியைப் பொறுத்தவரை, விவரிப்பை எளிய எழுத்துத் தமிழிலும் பேச்சை அந்த வீட்டின் பேச்சுத் தமிழிலும் எழுதுங்கள். இரண்டையும் கலந்துவிட வேண்டாம். வாக்கியங்கள் குறுகியிருக்கட்டும், ஆனால் எல்லாம் ஒரே நீளத்தில் இருந்தால் வாசிக்கும்போது தாலாட்டாகிவிடும். 600 முதல் 800 சொற்களுக்குள் கதை முடிந்தால் ஓய்வுநாள் பள்ளியில் ஒரே அமர்வில் வாசித்து, பேசுவதற்கும் நேரம் இருக்கும். "அந்தக் காலத்தில்" என்ற தொடரைக் கதையில் எங்குமே பயன்படுத்த வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்தச் சிறுமிக்கு அது அந்தக் காலமல்ல, அன்றைய காலை.

விசுவாசம் எங்கே இருக்க வேண்டும்

புதியவர்கள் மிகவும் தடுமாறுகிற இடம் இதுவாகையால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

காலணாக் கதையின் முதல் வடிவத்தை, "உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார்" என்ற கொரிந்தியர் வசனத்தோடும், நாமும் அவ்வாறே கொடுக்க வேண்டும் என்ற அறிவுரையோடும் முடித்திருந்தேன். வசனம் அருமையானது. ஆனால் கதை முடிந்து பாடம் தொடங்கிவிட்டது என்பதைப் பிள்ளைகள் உடனே உணர்ந்து, வேதாகமத்தை மூடிவைக்கிற பிள்ளைகளைப்போல முகத்தை மூடிக்கொண்டார்கள். உண்மையில் அன்று நடந்தது என்னவென்று மறுபடியும் ஆச்சியிடம் கேட்டேன். வீட்டுக்கு வந்ததும் அவர் அம்மா விரலில் விளக்கெண்ணெய் தடவிக் காசைக் கழற்றிக் கொடுத்தாராம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பகல் சாப்பாட்டுக்குப்பின் ஆச்சி தனியாகவே நடந்துபோய் உபதேசியார் வீட்டுத் திண்ணையில் நின்று காசை நீட்டியிருக்கிறார். உபதேசியார் அதை வாங்கி, எண்ணெய்ப் பிசுக்கை வேட்டி முனையில் துடைத்து, மாடத்தில் வைத்துவிட்டு, "வெயிலுக்குள்ள வந்தியா?" என்று கேட்டுத் தண்ணீர் கொடுத்தாராம். கதையை அந்தத் தண்ணீரோடு நிறுத்திவிட்டேன். அன்று ஒரு சிறுவன் எழுந்து, "அவங்க அம்மா போகச் சொல்லலையே, பிறகு ஏன் போனாங்க?" என்று கேட்டான். நான் கற்பிக்க நினைத்தது முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருந்தது. வசனத்தை அதன்பின் எல்லாருமாகச் சேர்ந்து தேடி எடுத்து வாசித்தோம்.

ஆகவே விசுவாசத்தை, அந்த வீட்டார் செய்தவற்றில் வையுங்கள். விளக்கேற்றி எல்லாரும் கூடும் ஜெபவேளை, தூங்கி விழுகிற தம்பி, அப்பா தப்பாகப் பாடினாலும் நிறுத்தாமல் பாடுகிற கீர்த்தனை, காய்ச்சல்காரருக்கு அனுப்பிய கஞ்சிச் சட்டி ஆகியவை போதும். அந்தச் சிறுமி ஜெபம் செய்ததாகப் பாட்டி சொன்னால், அவள் சொன்ன சொற்களையே எழுதுங்கள். பிள்ளைகளின் ஜெபம் குறுகியது. நாம் அதில் பெரியவர்களின் சொற்களைச் சேர்க்கக் கூடாது.

நடக்காத அற்புதத்தை ஒருபோதும் சேர்க்காதீர்கள். ஜெபித்தும் ஆட்டுக்குட்டி செத்துப்போயிற்று என்று பாட்டி சொன்னால், ஆட்டுக்குட்டி கதையிலும் சாகட்டும். ஜெபித்த உடனே எல்லாம் கிடைக்கும் கதைகளையே கேட்டு வளரும் பிள்ளை, தன் வீட்டில் ஒருவர் பிழைக்காமல் போகும் நாளில் என்ன நினைக்கும் என்பதை எழுதுகிறவர் சிந்திக்க வேண்டும். ஆட்டுக்குட்டியைப் புதைத்த அன்றிரவும் அந்த வீட்டில் குடும்ப ஜெபம் நடந்ததா, அப்போது அவள் என்ன செய்தாள் என்று பாட்டியிடம் கேளுங்கள். எழுத வேண்டியது அதுதான்.

அயலாரைப் பற்றியும் ஒரு சொல். நம் பாட்டிமாரின் ஊர்களில் தீபாவளிப் பலகாரம் நம் வீட்டுக்கு வந்தது, கிறிஸ்மஸுக்கு முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் அவர்கள் வீட்டுக்குப் போயின. நம் சிறுமியை நல்லவளாகக் காட்ட அடுத்த வீட்டுச் சிறுமியை அறியாதவளாகக் காட்டுவது உண்மைக்கும் அன்புக்கும் மாறானது.

கடினமானவற்றைச் சொல்வது

பாட்டியின் நினைவுகளில் பசியும் சாவும் அடியும் வரும். வயதுக்கு வந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டதும் வரும். கன்னியாகுமரிப் பக்கத்துப் பாட்டியாயின், தம் பாட்டியின் பாட்டி மேலாடை அணிந்ததற்காகப் பட்ட துன்பமும் குடும்பக் கதையாக வரலாம்; தோள்சீலைக்கான அந்தப் போராட்டம் 1859-இல் திருவிதாங்கூர் அரசு ஆணை பிறப்பிக்கும் வரை நெடுங்காலம் நீடித்தது. ஆலயத்துக்குள்ளும் சாதி பார்த்து உட்காரவைத்ததைப் பாட்டி சொல்லக்கூடும். அவற்றை நீக்கிவிட்டால் கதை தூய்மையாகிவிடும் என்று எண்ண வேண்டாம், பொய்யாகிவிடும்.

ஆயினும் எட்டு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு என்பது நம் பொறுப்பு. துன்பத்தை ஒரு வாக்கியத்தில், தெளிவாக, வருணனையின்றிச் சொல்லிவிட்டு, அப்போது அருகில் இருந்தவர் யார் என்பதை அடுத்த வாக்கியத்தில் சொல்லுங்கள். "அந்த ஆண்டு கழிச்சல் நோயில் தம்பி இறந்துபோனான். ஆச்சி அவளைத் தன் பாயில் படுக்கவைத்துக்கொண்டாள்." இதற்குமேல் வேண்டியதில்லை. பாட்டி சொல்லும்போது குரல் தடைப்பட்டால் பதிவை நிறுத்திவிடுங்கள். அவர் வேண்டாம் என்று சொன்னதை எழுதாதீர்கள், அது எவ்வளவு நல்ல கதையாயினும் சரி.

வாசித்துக் காட்டுவதும் திருத்துவதும்

எழுதி முடித்ததை முதலில் பாட்டிக்கு வாசித்துக் காட்ட வேண்டும். உண்மைப் பிழைகளை அவர் மட்டுமே கண்டுபிடிக்க முடியும். நான் ஒரு கதையில் சிறுமி கடகத்தில் கருப்பட்டி கொண்டுபோனதாக எழுதியிருந்தேன். "ஏழு வயசுப் பிள்ள கடகத்தத் தூக்குமா? கொட்டான்" என்றார் ஆச்சி. கடகம் பெரியவர்கள் தலையில் சுமப்பது, கொட்டான் சிறு ஓலைப்பெட்டி. அந்த ஒரு சொல் மாறியதும் சிறுமி தன் அளவுக்குச் சுருங்கி நிஜமானாள்.

அடுத்து இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு வாசியுங்கள். பிடித்திருக்கிறதா என்று கேட்க வேண்டாம், பிடித்திருக்கிறது என்றே சொல்வார்கள். எந்த இடத்தில் கால்களை ஆட்டத் தொடங்குகிறார்கள் என்று பார்த்து, அந்தப் பத்தியின் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். பெரும்பாலும் அது நாம் விளக்கம் சொல்லும் பத்தியாக இருக்கும்.

புத்தகமாக்குவது

அச்சகம் வரை போக வேண்டியதில்லை. ஏ4 தாளை இரண்டாக மடித்தால் நான்கு பக்கம் கிடைக்கும். நான்கு தாளில் பதினாறு பக்கச் சிறுநூல் ஆகிவிடும். பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்கும்படி திட்டமிட்டு, எழுத்தை 16 புள்ளி அளவிலாவது வைத்து, வரிகளுக்கிடையே நல்ல இடைவெளி விட்டு, நகலெடுத்து நடுவில் இரண்டு பின் அடித்தால் போதும். படங்களைப் பிள்ளைகளே வரையட்டும். நட்சத்திர விளக்குக்கு மூங்கில் சிம்பை வளைக்கிற தாத்தாவை ஒரு பிள்ளை வரைந்தபோது, அது எப்படிச் செய்வது என்று கேட்க வீட்டுக்குப் போயிற்று; கேட்டுக்கொண்டு வந்தபோது கையில் இன்னொரு கதை இருந்தது.

பின்னட்டையில் கதை சொன்னவரின் ஊர், சொன்ன ஆண்டு ஆகியவற்றை, அவர் ஒப்புக்கொண்டால் பெயரோடு, அச்சிடுங்கள். புகைப்படம் போடுவதாயின் குடும்பத்தாரிடமும் கேட்க வேண்டும். மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளி (வி.பி.எஸ்.) நாள்களும் கிறிஸ்மஸுக்கு முந்திய வாரங்களும் இவற்றைக் கொடுப்பதற்கு ஏற்றவை.

கடைசி இரண்டு பக்கங்களைக் கோடு மட்டும் போட்டு வெறுமையாக விட்டு, மேலே "எங்கள் வீட்டில் கேட்டது" என்று தலைப்பிடுங்கள். சென்ற ஆண்டு அப்படிக் கொடுத்ததில் சில புத்தகங்கள் எழுதப்பட்டுத் திரும்பி வந்தன. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இவ்வளவுதான் எழுதியிருந்தது: "எங்க ஆச்சி பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது ஆத்துல தண்ணி வந்துருச்சாம். மீதிய நாளைக்குச் சொல்றேன்னு தூங்கிட்டாங்க." அந்தப் பிள்ளையிடம் கோடு போட்ட தாள்கள் நான்கைக் கொடுத்து, மீதியைக் கேட்டு எழுதிவரச் சொல்லியிருக்கிறேன்.